துரியோதனனுக்கும் தப்பாத லொள்ளு

விழுப்புரம் மாவட்டம் தெருக்கூத்துக்குப் பேர்போனது. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கும். புஜக்கீர்த்தியும் கிரீடமும் கட்டிய துரியோதனன் திரைக்குப் பின்னால் நிற்க, “யாருங்க நீங்க? எந்த ஊரு?” என்று குடைவான் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன். நடுநடுவே சினிமாவும் உள்ளூர் அரசியலும் வந்து விழும். துவாபர யுகத்தில் சினிமா ஏது என்று யாரும் கேட்பதில்லை.

இதே குறும்பை அமெரிக்கத் தொலைக்காட்சியில் செய்தது ‘தி சிம்ப்ஸன்ஸ்’. ஃபாக்ஸ் சேனலில் 1989 டிசம்பரில் தொடங்கிய கார்ட்டூன் குடும்பத் தொடர். அதன் 1993ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்று ‘கேப் ஃபியர்’ படத்தை வாரிவிட்டது. 1962இல் வந்து, 1991இல் மார்ட்டின் ஸ்கார்செஸியால் மறுபடி எடுக்கப்பட்ட படம் அது. சிறையிலிருந்து வந்த குற்றவாளி ஒரு வக்கீல் குடும்பத்தைத் துரத்துவான். கார்ட்டூனில் சைட்ஷோ பாப் என்ற வில்லன், சிம்ப்ஸன் வீட்டுப் பத்து வயது பார்ட்டைத் துரத்துகிறான். பெர்னார்ட் ஹெர்மனின் திகில் இசையைக்கூட விடவில்லை.

ஆனால் ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பது வேறொன்றை. தரையில் கிடக்கும் சருகு வாரும் கம்புகளை பாப் மிதிக்க மிதிக்க, கைப்பிடி எழும்பி முகத்தில் அறைகிறது. ஒரு தடவை அல்ல, ஒன்பது தடவை! அத்தியாயத்தின் நீளம் போதாமல் இழுத்த காட்சி. மூலப்படத்தைப் பார்க்காதவனும் இதற்குச் சிரிப்பான்.

அந்தத் தொடரின் மளிகைக்கடைக்காரர் அப்புவின் பெயர் சத்யஜித் ராயின் அப்பு படங்களிலிருந்து வந்தது. பெயரில் மரியாதை, குரலில்தான் வம்பு. வெள்ளைக்கார நடிகர் இந்திய உச்சரிப்பைக் கிண்டலாகப் பேசுவதை ஹரி கொண்டபோலுவின் 2017 ஆவணப்படம் கேள்வி கேட்டது. 2020இல் ஹேங்க் அஸாரியா அந்தக் குரலை விட்டார்.

தமிழில் இந்தப் பகடி வேலையை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’. ராம்பாலா இயக்க, சந்தானம், சுவாமிநாதன், மனோகர், சேசு என்று ஒரு பட்டாளம். ஊரே பார்த்த படத்தைக் காட்சிக்குக் காட்சி எடுத்து, மலிவான செட்டில், ஒட்டாத விக்கோடு நடித்தார்கள். அந்த மலிவுதான் பாதிச் சிரிப்பு. உருவத்தைக் கேலி செய்த இடங்கள் இன்று உறுத்துகின்றன. மூலப்படம் மறந்துபோனால் பல அத்தியாயங்கள் பாதி புரியாமலும் போகின்றன.

சி.எஸ். அமுதனின் ‘தமிழ்ப் படம்’ (2010) இதைச் சாமர்த்தியமாகத் தாண்டியது. அது குறிவைத்தது தனிப்படங்களை மட்டுமல்ல, கோலிவுட்டின் பழக்கங்களை. சைக்கிள் மிதித்துக்கொண்டே பையன் வாலிபனாகிறான். ‘அண்ணாமலை’ (1992) பால்காரர் ஒரே பாட்டில் ஓட்டல் அதிபரானதுபோல, நாயகன் சிவாவும் பாட்டு முடிவதற்குள் கோடீஸ்வரர். ‘டி’ என்ற மர்ம வில்லன் யாரென்று பார்த்தால், பாட்டி பரவை முனியம்மா! பழக்கங்கள் சாகாததால் இந்த நகைச்சுவைக்கும் ஆயுசு கெட்டி.

2018இல் வந்த இரண்டாம் பாகம் அன்றாடச் செய்தியிலும் கைவைத்தது. 2017 பிப்ரவரியில் ஜெயலலிதா சமாதி முன் ஓ. பன்னீர்செல்வம் கண்மூடி அமர்ந்து ‘தர்மயுத்தம்’ தொடங்கிய காட்சியை சிவாவை வைத்துப் பகடி செய்தார்கள். அன்று பார்த்தவுடன் வெடித்த சிரிப்பு. அப்போது தொட்டிலில் கிடந்த பிள்ளைகளுக்கு இன்று தர்மயுத்தக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.