‘பிரஸண்ட்லி’ என்னும் சொல்

ஆங்கில பாஷையில் ‘பிரஸண்ட்லி’ என்றொரு வினையுரிச்சொல் உண்டு. நம்மவர் தம் கடிதங்களிலும் மனுக்களிலும் அதைத் ‘தற்போது’ என்னும் பொருளில் பிரயோகிக்கின்றனர். அமெரிக்கரும் ஸ்காட்லாந்தியரும் அவ்விதமே வழங்குவதால் அது பிழையென்று நாம் கூறோம். ஆனால் இங்கிலாந்தில் அதன் பெருவழக்கான பொருள் ‘சற்றுப் பொறுத்து’ என்பதேயாம். ஆதலின் ஒரே சொல்லை எழுதுபவர் ஒன்று கருதி எழுத, வாசிப்பவர் வேறொன்று கருதி ஏமாற இடமுண்டு.

இச்சொல்லின் சரித்திரம் இதனினும் விநோதமானது. 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில பைபிளில், இயேசுநாதர் சபித்த அத்திமரம் ‘பிரஸண்ட்லி’ பட்டுப்போயிற்று என்று காண்கிறோம். அங்கே அதன் பொருள் ‘அக்கணமே’ என்பது. இன்று ‘விரைவில்’ எனப் பொருள்படும் ‘ஸூன்’ என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் ‘உடனே’ என்றே பொருள்பட்டது. ‘அனான்’, ‘பை அண்டு பை’ என்பனவும் இக்கதியே அடைந்தன. காரணம் யாது? ‘உடனே’ என்று வாக்களித்தவர் தாமதித்தனர். கேட்டவர் அச்சொல்லுக்குத் தாமதத்தையே பொருளாகக் கொள்ளலாயினர். செயல் பொய்த்த இடத்தில் சொல்லும் பொய்த்தது.

இது இலக்கணப் புலவர்க்கு மட்டும் உரிய விஷயமன்று. 1917 ஆகஸ்டு 20-ஆம் தேதி மாண்டேகு இந்தியாவுக்குப் பொறுப்பாட்சி படிப்படியாகக் கிட்டும் என்று அறிவித்தார், நாள் குறிக்கவில்லை. 1929 அக்டோபர் 31-ஆம் தேதி இர்வின் பிரபு குடியேற்ற நாட்டு அந்தஸ்தைப் பற்றிப் பேசினார், அதற்கும் நாளில்லை. நம் தலைவர்களோ 1928 டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸில் ஓராண்டுத் தவணை விதித்தனர். தவணை கழிந்ததும் லாகூரில் பூரண சுயராஜ்யமே லட்சியம் என்று முழங்கினர். இறுதியில் 1947 பிப்ரவரி 20-ஆம் தேதி பிரதமர் அட்லி, 1948 ஜூனுக்குள் அதிகாரம் மாற்றப்படும் என்று தவணை கூறினார். அத்தவணைக்குப் பத்து மாதம் முன்னரே, ஆகஸ்டு 15-ல், விடுதலை வந்தது. அந்தத் தேதியும் தானமாக வந்ததன்று. சிறை சென்றோரும் உயிர் நீத்தோரும் ஈட்டித் தந்ததாகும்.

சுதந்திர நாட்டிலும் இப்பாடம் மறக்கற்பாலதன்று. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ‘இயன்றவரை விரைவாக’ என்பதோடு நில்லாமல், முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும் என்று எல்லை வகுத்தது. அதன் வலிமை முதற்சொல்லில் இல்லை, எண்ணில் இருக்கிறது.

ஆகவே தேசத் தொண்டர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. குடிநீருக்கோ பாதைக்கோ நீங்கள் விண்ணப்பிக்கும்போது, ‘விரைவில் ஆவன செய்யப்படும்’ என்று விடை வரின், நன்றி கூறித் திரும்பற்க. எந்த மாதம், எந்தத் தேதி என்று கேளுங்கள். அதை எழுத்தில் பெறுங்கள். தேதியில்லாத வாக்குறுதி வாக்குறுதியாகாது.