பகுபடாத ஒரு பேரெண்

2,14,74,83,647 என்னும் எண்ணைச் சற்றே உற்று நோக்குங்கள். இருநூற்றுப் பதினான்கு கோடியைக் கடந்த இவ்வெண்ணை, ஒன்றாலும் அதே எண்ணாலும் அன்றி, வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுக்க இயலாது. இத்தகையவற்றையே பகா எண்கள் என்கிறோம். முப்பத்தொரு இரண்டுகளைத் தம்முள் பெருக்கி ஒன்றைக் கழித்தால் இவ்வெண் கிடைக்கும்.

ஓர் எண் பகா எண்தானா என்று அறிவது எங்ஙனம்? பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டிலேயே ஓர் அரிய பண்பைக் கையாண்டிருக்கிறார். ஒரு பகா எண்ணுக்கு முந்திய எண்கள் அனைத்தையும் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால், வரும் தொகை அப்பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். 7 என்னும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 6 வரை பெருக்கினால் 720; ஒன்றைக் கூட்டினால் 721. அது 7 × 103 அன்றோ?

ஆயினும் நம் பேரெண்ணுக்கு இவ்வழி உதவாது. இருநூறு கோடிக்கு மேற்பட்ட எண்களை எவரால் பெருக்க முடியும்? வகுத்துப் பார்ப்பதென்றால், அதன் வர்க்கமூலமாகிய 46,340 வரையுள்ள பகா எண்களால் வகுத்தாக வேண்டும். அவையே 4,700க்கு மேற்பட்டவை!

சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை ஆய்லர், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், கண்பார்வை பெரிதும் மங்கிய நிலையில் இதற்கு விடை கண்டார். இவ்வெண்ணுக்கு வகுஎண் ஒன்று இருக்குமாயின், அதனை 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63தான் மீதி வரவேண்டும் என்று அவர் நிறுவினார். எனவே அதிகம் போனால் 372 எண்களைச் சோதித்தாலே போதும். ஒன்றும் வகுபடவில்லை. 1772இல் அதனைப் பகா எண் என்று அறிவித்தார்.

இவ்வெண்ணிலிருந்து ஒரு 'நிறை எண்' பிறக்கிறது. தன்னை வகுக்கும் சிறிய எண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமானதே நிறை எண்; 1+2+3=6 என்பது போல. அந்த நிறை எண்ணை விடப் பெரியதை எவரும் காணப்போவதில்லை, பயனற்ற வேலைக்கு எவர் முயல்வார் என்று இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ 1811இல் எழுதினார். 1876இலேயே லூக்கா என்னும் பிரெஞ்சு அறிஞர் 39 இலக்கப் பகா எண் ஒன்றை நிறுவி, அக்கூற்றைப் பொய்யாக்கினார். 2024இல் கண்டறியப்பட்ட பகா எண்ணுக்கோ நான்கு கோடியே பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட இலக்கங்கள்!

பயனற்றது என்பதும் நிலைக்கவில்லை. இரு பெரும் பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். இந்த உண்மையின் மீதே 1977இல் ஒரு புதிய இரகசியக் குறியீட்டு முறை எழுந்தது. கணிப்பொறிவழிச் செய்திகளைக் காக்க அது பயன்பட்டு வருகிறது.

ஆகவே வாசகர்களே, "இந்தக் கணக்கால் என்ன பயன்?" என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால், பார்லோவின் கதையைச் சொல்லுங்கள். கல்விக்கு எல்லை வகுக்க அவராலேயே இயலவில்லை, நம்மால் இயலுமா?