நெருப்பில்லாத எரிச்சல்

மாமா டீ டம்ளரைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வீல்சேரைத் திண்ணைப் பக்கம் உருட்டி வந்தார். இரண்டு கையும் சக்கரத்தில் இருக்கும்போது டம்ளரை வேறெங்கே வைப்பது? கதை பேசிக்கொண்டே குடித்து முடித்தார். மறுநாள் குளிக்க வைக்கும்போதுதான் அத்தை பார்த்தார்: உள்தொடையில் கொப்புளம். டம்ளர் சுட்டது மாமாவுக்குத் தெரியவே இல்லை. ஆனால் அதே கால்தான் முந்தின ராத்திரி, "கொள்ளிக்கட்டையால இழுக்குற மாதிரி இருக்குடா" என்று அவரைத் தூங்கவிடாமல் அடித்தது.

தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தவர். தொப்புளுக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. சுட்டது தெரியவில்லை, சுடாதது சுடுகிறது. பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கு இது பிடிபடாது. "உணர்ச்சிதான் இல்லையே மச்சான், அப்புறம் எப்படி வலிக்கும்?" என்பார்கள். எனக்குக் கோபம் வரும். இப்போதெல்லாம் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொல்கிறேன்.

தண்டுவடம் சுண்டுவிரல் பருமன்தான். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிந்து உடம்பெங்கும் போகின்றன. காலில் முள் குத்தினால் சேதி அது வழியாகத்தான் மூளைக்கு ஏற வேண்டும். அடிபட்ட இடத்தில் பாதை அறுந்துவிட்டது. ஒயர் அறுந்தால் பல்பு அணைந்து போகும், அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். நரம்பு ஒயர் இல்லை, உயிருள்ள சாமான். கீழேயிருந்து சேதி வாங்கிப் பழகிய நரம்பு அணுக்கள், சேதி நின்றதும் சும்மா இருப்பதில்லை. அவற்றை அடக்கி வைக்கும் பிரேக்கும் தளர்ந்துபோகிறது. தொட்டதற்கெல்லாம் துள்ளுகின்றன, சில நேரம் தொடாமலேயே துள்ளுகின்றன. மூளையிலோ காலின் விலாசம் அப்படியே இருக்கிறது. அடிபட்ட இடத்துக்கு மேலிருந்து கிளம்பிய தபாலையும் கால் அனுப்பியதாகவே அது பிரித்துப் படிக்கிறது. போதாததற்கு, முழுசாக அறுந்துவிட்டது என்று ரிப்போர்ட்டில் எழுதப்பட்டவர்களுக்கும் சில இழைகள் மிஞ்சியிருப்பதுண்டு.

ஆகவே நடிப்பும் இல்லை, பிரமையும் இல்லை. தண்டுவடத்தில் அடிபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த நரம்பு வலி இருக்கிறது. அடிபட்ட மட்டத்தில் வருவது ஒரு மாதிரி: இடுப்பைச் சுற்றி பெல்ட்டை இறுக்கிக் கட்டியது போல, சட்டை உரசினாலே சுரீரென்று. அதற்குக் கீழே வருவது வேறு மாதிரி. பல பேருக்கு அடிபட்டுச் சில மாதம் கழித்துத்தான் தொடங்கும். எரிச்சல், கரண்ட் அடிப்பது, எறும்பு ஊர்வது. வலியென்று சொல்ல முடியாத விநோதங்களும் உண்டு. மாமாவுக்கு நீட்டிய கால் மடங்கிக் கிடப்பதாகத் தோன்றும். "கொஞ்சம் நீட்டி விடேன்" என்பார். ஏற்கெனவே நீட்டித்தான் இருக்கும்.

உணர்ச்சி போவதால் வரும் சங்கடத்தை வேலூரில் நன்றாக அறிந்தவர்கள் இருந்தார்கள். தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்ந்து போவதற்குக் காரணம் வலி தெரியாததுதான் என்று அங்கே டாக்டர் பால் பிராண்ட் கண்டுகொண்டார். அவரோடு வேலை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, அதன்பின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். உணர்விழந்த கால்களோடு உணர்விழந்த கைகளைச் சரிசெய்த அம்மா. 1966இல் வேலூர் பாகாயத்தில் வந்த மறுவாழ்வு நிலையத்துக்குப் பின்னால் இருந்தவரும் அவரே.

மருந்துக்கு வருகிறேன். பாராசிட்டமால் இதைப் பெரிதாகத் தொடாது. கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கொடுப்பது என்று மருந்துக் கடைப் பையன் சொல்லப்போக, "என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாங்களா?" என்று மாமா மாத்திரையைத் தூக்கிப் போட்டார். நரம்பின் துள்ளலை அடக்குவதற்கும் அதே மாத்திரைதான் என்று புரிய வைக்க ஒரு வாரம் ஆனது. தூக்கக் கலக்கம், வாய் வறட்சி, பாத வீக்கம் வரலாம். சிலருக்குச் சிறுநீர் அடைக்கும். அதற்காக நாமே சட்டென்று நிறுத்தக் கூடாது. வலி முழுசாக ஓடிவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம், பாதியாகக் குறைந்தாலே பெரிய காரியம்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. பழகிய வலி திடீரென்று குணம் மாறினால் காரணம் தேட வேண்டும். ஒருமுறை மாமாவின் எரிச்சல் இரண்டு மடங்கானது. தேடிப் பார்த்தால் சிறுநீர்க் கிருமித் தொற்று. மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளரும் நகம், எதுவும் இப்படிக் கிளப்பிவிடும். மரத்துப்போன எல்லை மேலே ஏறினாலோ, கை பலம் குறைந்தாலோ தண்டுவடத்துக்குள் நீர் கட்டியிருக்கலாம், ஸ்கேன் பார்க்க வேண்டும். கழுத்திலோ மார்பின் மேல்பாதியிலோ அடிபட்டவருக்குத் திடீரென மண்டையைப் பிளக்கும் வலியும் வியர்வையும் வந்தால் அது ரத்த அழுத்தம் எகிறுவது. உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், சிறுநீர் டியூப் மடங்கியிருக்கிறதா பாருங்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இப்போது மாமா மடியில் ஒரு மரத்தட்டு இருக்கிறது. டம்ளர் அதில்தான் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு எரிச்சல் கிளம்பினால் அத்தை "எங்க வலிக்குது" என்று கேட்பதில்லை. லைட்டைப் போட்டு உள்ளங்கால், குதிகால், டியூப், கீழ்முதுகு எல்லாம் ஒரு முறை பார்க்கிறார். ஒன்றுமில்லை என்றால், "நெருப்பு எதுவும் இல்லங்க" என்று சொல்லிவிட்டு, சத்தம் குறைத்து இளையராஜா பாட்டைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.