இருவர் கண்ட ஒரு கனவு

நன்றாகச் சித்திரம் வரையும் மாணவி ஒருத்தி எல்லா வகுப்பிலும் இருப்பாள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் கண்காட்சிக்கும் அவளைத்தான் முதலில் தேடுவோம். ஆனால் சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும், "இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?" என்று வீட்டில் கேட்பார்கள். பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணும் எந்த உம்மாவும் வாப்பாவும் கேட்கக்கூடிய கேள்விதான் அது. சித்திரக்கதைகளை விரும்பி வாசிப்பவள் என்ற வகையில், ஒரு தம்பதியினரின் வாழ்வில் இக்கேள்விக்கு நான் கண்ட விடையை இங்கு எழுதுகிறேன்.

அமெரிக்காவைச் சேர்ந்த வெண்டி பினி, ரிச்சர்ட் பினி ஆகிய இருவருமே அத்தம்பதியினர். 'எல்ஃப்குவெஸ்ட்' என்ற சித்திரக்கதைத் தொடரை உருவாக்கியவர்கள்.

அவர்களை இணைத்தது ஒரு வாசகர் கடிதம். 1969 ஆம் ஆண்டு மார்வல் நிறுவனத்தின் சித்திரக்கதை இதழொன்றில் வெண்டியின் கடிதம் பிரசுரமானது. வானியல் பயின்றுகொண்டிருந்த ரிச்சர்ட் அதைப் படித்துவிட்டு அவருக்கு எழுதினார். 1972 இல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். வெண்டி அறிவியல் புனைகதைச் சஞ்சிகைகளுக்குப் படம் வரைந்து வந்தார். ரிச்சர்ட் ஓவியர் அல்லர். ஆயினும் சித்திரக்கதை மீதான பற்று இருவருக்கும் பொதுவாக இருந்தது.

1977 இல் வெண்டி தமது பெரிய கதையைத் தொடங்கினார். கூரிய காதுகளும் சிறிய உருவமும் கொண்ட ஒரு கற்பனை இனத்தார் ஓநாய்களில் சவாரி செய்து காட்டில் வாழ்கின்றனர். மனிதர்கள் அக்காட்டைத் தீயிட்டு அழிக்கின்றனர். இருப்பிடம் இழந்த அவர்கள் பாலைவனத்தைக் கடந்து, தம்மைப் போன்றவர்கள் வேறெங்கும் உள்ளனரா எனத் தேடுகின்றனர். இடம்பெயர்வு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் பெரிய நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. அக்காலத்தில் அங்கு அதிகமாக விற்றவை அதிமனிதர்களின் சாகசக் கதைகளே. 1978 இல் ஒரு சிறிய வெளியீட்டாளர் முதல் பாகத்தை அச்சிட்டார். தாளின் தரமும் அச்சின் தரமும் தம்பதியினருக்குத் திருப்தி தரவில்லை. எனவே தமது பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'வார்ப் கிராஃபிக்ஸ்' என்ற சொந்தப் பதிப்பகத்தைத் தொடங்கி, அதே ஆண்டிலேயே அடுத்த இதழைத் தாமே வெளியிட்டனர்.

சொந்தப் பதிப்பகத்தால் கிடைத்தது நல்ல அச்சு மட்டுமல்ல. 1938 இல் சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் 130 டொலருக்கு அதன் உரிமையை விற்றுவிட்டனர். பின்னர் அப்பாத்திரம் உலகப் புகழ் பெற்றபோது, அது அவர்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. பினி தம்பதியினரின் கதையோ அவர்களிடமே இருந்தது.

இதற்குக் காலமும் கைகொடுத்தது. 1970களில் அங்கே சித்திரக்கதைகளை மட்டும் விற்கும் கடைகள் பெருகின. பத்திரிகைக் கடைகள் விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்பிவிடும். இந்தப் புதிய கடைகளோ முன்கூட்டியே பிரதிகளைக் கேட்டு வாங்கும், மீதியைத் திருப்பி அனுப்புவதில்லை. எத்தனை பிரதிகள் அச்சிட வேண்டும் என்பது முதலிலேயே தெரிந்துவிடுவதால், சிறிய பதிப்பாளரும் பெரும் நட்டத்துக்கு அஞ்சாமல் இறங்க முடிந்தது.

அவர்கள் வேலையைப் பகிர்ந்துகொண்ட விதத்தையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு சித்திரக்கதைப் பக்கத்தில் பல வேலைகள் உள்ளன. முதலில் கதையைக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். பிறகு பென்சிலால் வரைந்து, அதன்மேல் மையிட்டு, உரையாடலை எழுத வேண்டும். இவற்றை வெண்டி செய்தார். கதையைச் சேர்ந்து சிந்திப்பது, செம்மையாக்குவது, அச்சகம், விநியோகம், கணக்கு ஆகியவற்றை ரிச்சர்ட் பார்த்துக்கொண்டார். ஒருவர் மற்றவரின் வேலையைச் சிறிதாக எண்ணியிருந்தால் இரண்டாம் இதழோடு எல்லாம் நின்றிருக்கும்.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். ரிச்சர்ட் உடனே உத்தியோகத்தைக் கைவிடவில்லை. ஐபிஎம் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே பதிப்பகத்தையும் நடத்தினார். இதழ் நிலைபெற்ற பின்னரே முழுநேரமாக அதில் இறங்கினார். கனவுக்காகக் குடும்பத்தின் சோற்றுப் பானையை உடைக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

முதற்கதை 1984 இல் இருபதாம் இதழுடன் நிறைவுற்றது. இதற்கிடையில் அது வண்ண நூல்களாகத் தொகுக்கப்பட்டுப் பொதுப் புத்தகக் கடைகளுக்கும் சென்றது. அவ்வுலகின் முதன்மைக் கதை 2018 இல் முடிந்தபோது நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன. 2013 இல் அவர்களது மூலச் சித்திரங்களும் ஆவணங்களும் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தைச் சென்றடைந்தன. ஒருகாலத்தில் பெரிய நிறுவனங்கள் வேண்டாமென்ற கதையை இன்று ஆய்வாளர்கள் அங்கே எடுத்துப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் இத்தகைய வெற்றி கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சென்ற வழியில் நாமும் கற்றுக்கொள்ளக்கூடியவை உண்டு. வரையத் தெரிந்த மாணவி, எழுதத் தெரிந்த தோழியுடன் சேர்ந்து எட்டுப் பக்கக் கதை ஒன்றை முடிக்கட்டும். முடித்த எட்டுப் பக்கம், தொடங்கி விட்ட நூறு பக்கத்தைவிட மேலானது. கணக்கில் கெட்டிக்காரியான இன்னொருத்தி, பிரதி எடுக்கும் செலவைப் பார்க்கட்டும். படிப்பையும் விட வேண்டாம், தூரிகையையும் விட வேண்டாம்.

பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. "என்ன செய்யப் போகிறாய்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பிள்ளை சொல்லும் பதிலையும் இருந்து கேளுங்கள். ரிச்சர்ட் ஒரு கோடு கூட வரையவில்லை. அவர் இல்லாமல் அந்தப் புத்தகமும் இல்லை.