புது ஒளிவாளில் சத்தம் சரியில்லையா?

"அண்ணே, வாள் நல்லா எரியுது. சத்தம்தான் கரகரன்னு வருது" என்று பெட்டியோடு வந்து நிற்கும் தம்பிகளிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: திருப்புளியைப் பைக்குள் வை, ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார். புதிதாக வந்த ஒளிவாளில், ஒலியை இயக்கும் சவுண்ட் போர்டே செத்துப்போயிருப்பது அபூர்வம். கழற்றி மாட்டக்கூடிய இடங்களில்தான் கோளாறு பெரும்பாலும் ஒளிந்திருக்கும். பேட்டரி, மெமரி கார்டு, ஸ்பீக்கர் ஒயர், அடிமூடி. அவசரப்பட்டு போர்டை நோண்டினால், இல்லாத பழுதையும் நாமே உண்டாக்கிவிடுவோம், உத்தரவாதமும் போய்விடும்.

சத்தத்தைக் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவின் நடைபாதையில் நின்று எடைபோடவும் வேண்டாம். துணிக்கடை ஒலிபெருக்கி, மோட்டார் சைக்கிள், சனிக்கிழமையானால் லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மான் இரவுச் சந்தையின் கூவல். இவ்வளவுக்கும் நடுவில் கைப்பிடிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் எப்படி எடுபடும்? பல வாள்களில் அதன் குறுக்களவு 28 மில்லிமீட்டர்தான், சக்தி இரண்டு மூன்று வாட்தான். வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும்.

எது சரியான சத்தம் என்று தெரிந்தால்தான் எது கோளாறு என்று பிடிபடும். 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு ஒலி வடிவமைத்த பென் பர்ட், சினிமா புரொஜெக்டர் மோட்டாரின் ரீங்காரத்தையும், தொலைக்காட்சிப் படக்குழாய் அருகே மைக்கில் ஏறிய இரைச்சலையும் கலந்துதான் அந்த வாளின் ஒலியை உருவாக்கினார். பிறகு அதை ஒரு ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதன் முன்னால் மைக்கை வீசி வீசிப் பதிவு செய்தார். மைக் நெருங்கும்போது சுருதி ஏறும், விலகும்போது இறங்கும். வாள் காற்றைக் கிழிப்பது போலக் கேட்பது அதனால்தான்.

அன்று அவருடைய கை செய்த வேலையை இன்று கைப்பிடிக்குள் இருக்கும் அசைவு உணரி செய்கிறது. தாழ்ந்த ஒலி ஒன்று, உயர்ந்த ஒலி ஒன்று என இரண்டு கோப்புகளைப் போர்டு ஒன்றாக ஓட்டுகிறது. நீங்கள் வீசும் அசைவைப் பார்த்து ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைக்கிறது. சும்மா பிடித்திருக்கும்போது வரும் ரீங்காரம் ஒரு கோப்பு. மோதும்போது வரும் வெடிப்பு வேறொரு கோப்பு. ஆகவே எந்த ஒலி வருகிறது, எது வரவில்லை என்று காது கொடுத்துக் கேட்டாலே கோளாறு இருக்கும் பக்கம் தெரிந்துவிடும்.

ஒலியே இல்லை என்றால், முதல் சந்தேகம் பட்டன் மீதுதான். சில போர்டுகளில் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் வாள் சத்தமில்லாமல் எரியும். அது பழுதல்ல, வசதி. கையேட்டைப் பார்த்து வால்யூமை ஏற்றிப் பாருங்கள். அடுத்தது மெமரி கார்டு. பயணத்தில் குலுங்கிக் கார்டு அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தாலும் போதும். நகத்தால் மெல்ல அழுத்தி, 'டிக்' என்று உட்காரவையுங்கள். புரொஃபி என்ற வகைப் போர்டாக இருந்தால் வேலை இன்னும் சுலபம். கார்டு கிடைக்கவில்லை என்பதைத் தனக்குள்ளே இருக்கும் ஒரு ரோபோ குரலில் அதுவே ஆங்கிலத்தில் சொல்லிவிடும். அந்தக் குரல் கேட்டதென்றால் ஸ்பீக்கரும் ஒயரும் நலம் என்று உறுதி.

கரகரப்பு, விட்டு விட்டு வருவது, வீசும்போது வாளே அணைந்து மறுபடி எரிவது: இவை பெரும்பாலும் பேட்டரியின் வேலை. பல வாள்களில் இருப்பது 18650 வகை லித்தியம் அயன் பேட்டரி. 18 மில்லிமீட்டர் அகலம், 65 மில்லிமீட்டர் நீளம். முழு மின்னூட்டத்தில் 4.2 வோல்ட் காட்டும். தனியாக விமானத்தில் அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரியில் 30 விழுக்காட்டுக்கு மேல் மின்னூட்டம் இருக்கக் கூடாது என்பது 2016 முதல் உள்ள விதி. வாளோடு சேர்ந்து வரும் பேட்டரியும் முழுதாக நிரம்பாமல் வரலாம். ஆகவே வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியைத் திறந்த கையோடு வீசிப் பார்த்துவிட்டுக் குறை சொல்வதில் நியாயமில்லை. முதலில் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். இரு முனையிலும் சி வகை உள்ள கேபிளில் சில மலிவான வாள்கள் சார்ஜ் ஆகாது. ஒரு முனை பழைய அகல யூஎஸ்பியாக உள்ள கேபிளை மாற்றிப் பாருங்கள்.

சார்ஜ் ஏறிய பிறகும் கரகரக்கிறதா? நிறத்தை மாற்றுங்கள். வெள்ளை நிறத்துக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒருசேர எரிய வேண்டும். அப்போதுதான் மின்னோட்டம் மிக அதிகமாக இழுக்கப்படும். சிவப்புக்கு அவ்வளவு தேவையில்லை. வெள்ளையில் கரகரத்து, சிவப்பில் தெளிவாகப் பாடினால் ஸ்பீக்கர் குற்றமற்றது. மின்னழுத்தம் சரிகிறது, பேட்டரியோ அதன் முனையோ பலவீனம். முனையிலுள்ள ஸ்பிரிங் நன்றாக அழுந்துகிறதா, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் எடுக்கப்படாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியின் மேலுறை கிழிந்திருந்தால் மட்டும் அதை உள்ளே போடவே கூடாது. சுற்றிலும் உலோகக் கைப்பிடி. குறுக்குச்சுற்று ஆனால் தீப்பிடிக்கலாம்.

எல்லா நிறத்திலும் ஒரே மாதிரி கரகரத்தால் வால்யூமைப் பாதியாகக் குறையுங்கள். தெளிந்துவிட்டால் அந்தச் சின்னக் கூம்புக்கு அளவுக்கு மீறிய வேலை கொடுத்திருக்கிறோம் என்று பொருள். தெளியவில்லை என்றால் கைப்பிடியின் அடிமூடியையும் ஸ்பீக்கரையும் விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். அதிர்வு நின்றால், தளர்ந்த மரைதான் காரணம்.

சத்தம் வருகிறது, ஆனால் மெலிந்து, தகரம்போல வருகிறது என்பார்கள். கழற்றி வெளியே எடுத்த ஸ்பீக்கர் அப்படித்தான் ஒலிக்கும். கூம்பின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் கலந்து தாழ்ந்த ஒலியை அடித்துவிடுகின்றன. பின்பக்கத்தைச் சுற்றி ஓர் அறை இருந்தால்தான் ரீங்காரத்துக்கு அடிநாதம் கிடைக்கும். வீணைக்குக் குடம் எப்படியோ, ஸ்பீக்கருக்கு அந்த அறை அப்படி. ஸ்பீக்கரை அதன் இடத்தில் சரியாக அமர்த்தி, அடிமூடியின் துளைகள் உள்ளங்கையால் அடைபடாமல் பிடியுங்கள்.

ரீங்காரம் உண்டு, வீச்சொலி இல்லை என்றால் கோப்புகளைத் தேடுங்கள். கார்டை எடுத்ததும் முதல் வேலை, அதிலுள்ள அனைத்தையும் கணினியில் ஒரு பிரதி எடுப்பது. புதிதாக இறக்கிய ஒலித்தொகுப்புகளில்தான் சிக்கல் வரும்: கோப்பின் பெயர் மாறியிருக்கும், அல்லது எம்பி3 ஆக இருக்கும். பெரும்பாலான போர்டுகள் எதிர்பார்ப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம் கொண்ட வேவ் கோப்பு. கார்டு ஃபேட்32 முறையில் இருக்க வேண்டும். பழைய தொகுப்பில் வீச்சொலி வந்து, புதியதில் மட்டும் வராவிட்டால் வாளைக் குறை சொல்லாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஸ்பீக்கர் மீதுதான் சந்தேகம், உத்தரவாதமும் முடிந்துவிட்டது என்றால் மாற்றுவது கடினமல்ல. ஒயர்களைப் போர்டிலிருந்து கழற்றி, ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரின் இரு முனையிலும் ஒரு கணம் தொடுங்கள். 'டக்' என்றால் உயிர் இருக்கிறது. மௌனம் என்றால் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் எல்ஆர்டி ஏறிப் பூடுவில் இறங்குங்கள். ஜாலான் பசார் வட்டாரத்து மின்னணுக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பழைய ஸ்பீக்கரைக் கையோடு கொண்டுபோய் அளவும் ஓமும் ஒத்துப்போவதை மட்டும் வாங்குங்கள். 8 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் போட்டால் போர்டின் ஆம்பிளிஃபயர் சூடேறும். ஸ்பீக்கர் ஒயர் இரண்டில் எதுவும் கைப்பிடி உலோகத்தைத் தொடக் கூடாது.

உத்தரவாதம் இருக்கும்போது மேலே சொன்ன மாற்று வேலையில் இறங்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, விளைவை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நிறம், எவ்வளவு வால்யூம், எவ்வளவு சார்ஜ், எந்த ஒலித்தொகுப்பு. அந்த நான்கு வரியையும் ஒரு சிறு காணொளியையும் விற்றவருக்கு அனுப்புங்கள். "சத்தம் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் பதிலுக்கு நாலு கேள்விதான் வரும். "முழுச் சார்ஜில், வெள்ளை நிறத்தில் மட்டும் கரகரக்கிறது, சிவப்பில் இல்லை" என்று எழுதினால், அடுத்து எதை மாற்றித் தர வேண்டும் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.