பாவித்த வால்வு அம்ப்ளிஃபயர்: வாங்கலாமா?

கிற்றாருக்கான பாவித்த வால்வு அம்ப்ளிஃபயர் ஒன்றை, திருத்தி விற்கும் எண்ணத்தில் அண்மையில் விலை பேசினேன். ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருந்தது. இத்தகைய சாமானில் வால்வு தேய்வது இயல்பு, புதிது போடலாம். ட்ரான்ஸ்ஃபோமர் கருகியிருந்தால்தான் முதலுக்கே மோசம்.

பின்பக்கத்தில் 120 வோல்ட் என்றிருந்தது, அமெரிக்காவுக்குச் செய்தது. நமது 230 வோல்ட்டில் நேரே செருகினால் எரிந்துவிடும். மின்னழுத்தம் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் மூலம் அரை மணி நேரம் இயக்கச் சொன்னேன். கருகல் வாடை இல்லை; ஆனால் ஓயாத இரைச்சல். பெரும்பாலும் கப்பாசிட்டர் பழுது. அனுபவமில்லாதவர் மூடியைக் கழற்றக் கூடாது. நிறுத்திய பின்பும் உள்ளே 400 வோல்ட் வரை தங்கியிருக்கலாம்.

திருத்தச் செலவைக் கழித்து விலை கேட்டேன். அவர் இறங்கவில்லை, விட்டுவிட்டேன். வாங்கும்போது விட்ட இலாபத்தை விற்கும்போது பிடிப்பது கடினம்.