கம்ப்யூட்டரிலேயே ஓடும் ரேஸ் கார்

விருத்தாசலம்: உளுந்தூர்பேட்டை ரோட்டில் பைக்கை முறுக்கினால் சட்டை படபடவென அடிக்கிறதே, அதுதான் காற்றுத் தடை. வேகம் 40 கிலோமீட்டரில் இருந்து 80 ஆனால், தடை 4 மடங்காகிவிடும்!

ரேஸ் காரின் பின்னால் இருக்கும் இறக்கை, காரை ரோட்டோடு அழுத்திப் பிடிக்கும். காற்று அடியில் புகுந்தால் போச்சு. 1999-ல் பிரான்சின் லே மான்ஸ் பந்தயத்தில் மெர்சிடிஸ் கார் ஒன்று அந்தரத்தில் குட்டிக்கரணம் அடித்து மரங்களுக்குள் விழுந்தது. டிரைவர் உயிர் தப்பியது பெரிய விஷயம்.

நம்ம ஊர் பீங்கான் பொம்மையை சூளையில் வைத்த பிறகு மாற்ற முடியுமா? மண்ணாக இருக்கும்போதே திருத்தணும். காரும் அப்படித்தான். அதனால்தான் எஸ்.ஏ.இ. இந்தியா அமைப்பு இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு நடத்தும் 'சுப்ரா' போட்டியில் முதலில் 'விர்ச்சுவல்' சுற்று. கம்ப்யூட்டரில் வடிவமைத்த காரை நடுவர்களிடம் விளக்கணும். நிஜ காரோடு களம் இறங்குவது அதற்குப் பிறகுதான்.